மாதிரித் தொடர்வண்டித் தளமும் வீட்டு இடவசதியும்

மாதிரித் தொடர்வண்டித் தளம் என்பது, உண்மையான தொடர்வண்டிப் பாதை ஒன்றை அதன் நிலையங்கள், பாலங்கள், குகைவழிகள், சுற்றுப்புற நிலக்காட்சி ஆகியவற்றுடன் சிறிய அளவில், வண்டிகள் ஓடக்கூடிய நிலையில் அமைத்துக் காட்டும் அமைப்பு ஆகும். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் இது நெடுங்காலமாக இருந்து வரும் ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு. இரயில் வண்டிகளை வாங்குவதும், தண்டவாளங்களை இணைப்பதும் இதில் எளிய பகுதிகளே. வீட்டில் இதற்கு எங்கே இடம் காண்பது என்பதே பெரும்பாலானோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல். தளம் எதையும் கட்டாமல், நூல்களையும் பாதை வரைபடங்களையும் மட்டும் ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டிருப்போரைக் குறிப்பதற்கு 'சாய்வுநாற்காலி மாதிரியாளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றே உருவாகியிருக்கிறது.

ஒரு தளத்துக்குத் தேவைப்படும் இடம் மேசையின் பரப்பளவால் மட்டும் முடிவாவதில்லை. பாதை வளையும் ஆரம், அதை இயக்குபவரின் கை எட்டும் தூரம், அவர் நடப்பதற்கான வழி, அதே அறையை வேறு எதற்காகவோ பயன்படுத்தும் குடும்பத்தினர் ஆகிய அனைத்தும் அதில் சேர்ந்திருக்கின்றன. முதற்கணக்கில் மேசையை மட்டும் எண்ணி, மனிதரை மறந்துவிடுவதாலேயே பல தளங்கள் பாதியில் கைவிடப்படுகின்றன.

தரையிலிருந்து மேசைக்கு

1891 ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், வரையறுக்கப்பட்ட தண்டவாள அகலங்களைக் கொண்ட பொம்மைத் தொடர்வண்டிகளை, இணைத்துப் பிரிக்கக்கூடிய பாதைத் துண்டுகளுடன் காட்சிப்படுத்தியது. அக்காலத்து வண்டிகள் தகரத்தாலான பெரிய வண்டிகள். அவை அறையின் தரையில் விரிக்கப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் திரும்பிவிடும். ஆகவே நிலையான இடம் என்ற கேள்வி அப்போது எழவில்லை. அமெரிக்காவில் கிறித்துமசு மரத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை போடும் வழக்கம் இந்தத் தரை ஆட்டத்தின் எச்சமாக இன்றும் தொடர்கிறது.

1922 இல் பிங் நிறுவனம் சுமார் 16 மி.மீ. பாதை அகலம் கொண்ட 'மேசைத் தொடர்வண்டி'யை அறிமுகப்படுத்தியது. 1935 இல் டிரிக்சு, மார்க்லின் ஆகிய இரு நிறுவனங்களும் 16.5 மி.மீ. அகலத்தில் மின்சார வண்டிகளை வெளியிட்டன. பிரித்தானியாவில் 1938 இல் ஹார்ன்பி டப்ளோ வந்தது. வண்டி சிறியதாகி மேசைமேல் ஏறியதும், அதைச் சுற்றி மலையும் ஊரும் கட்டும் ஆர்வம் வளர்ந்தது. கட்டிய மலையைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. வீட்டில் நிலையான ஓர் இடம் வேண்டும் என்ற சிக்கல் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

அளவு விகிதமும் பரப்பும்

உண்மைப் பொருளுக்கும் மாதிரிக்கும் இடையே உள்ள விகிதம் அளவு விகிதம் எனப்படும். உலகில் அதிகம் பயன்படும் எச்.ஓ. அளவு 1:87 ஆகும். 1,435 மி.மீ. அகலமுள்ள செந்தரப் பாதை இதில் 16.5 மி.மீ. ஆகிறது. பிரித்தானியாவின் ஓ.ஓ. அளவு அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தின் மேல் சற்றுப் பெரிய, 1:76 விகித வண்டிகளை ஓட்டுகிறது. இவற்றைவிடச் சிறியது டி.டி. அளவு (1:120, 12 மி.மீ.). 'மேசைமேல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இதன் பெயர். முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இது பெரிதும் பரவியது. 2022 இல் ஹார்ன்பி நிறுவனமும் இவ்வளவில் புதிய வரிசை ஒன்றைத் தொடங்கியது. என் அளவு (1:160, 9 மி.மீ.) 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் அர்னால்டு நிறுவனத்தாலும், இசட் அளவு (1:220, 6.5 மி.மீ.) 1972 இல் மார்க்லினாலும் அறிமுகமாயின. 2006 இல் ஜப்பானில் காட்டப்பட்ட டி அளவு 1:450 விகிதத்தையும் 3 மி.மீ. பாதை அகலத்தையும் கொண்டது. அதன் பெட்டி ஒன்று தீக்குச்சியின் நீளத்தைவிடச் சற்றே அதிகம்.

நீளம் பாதியானால் பரப்பு கால்பங்காகும் என்பதால், அளவைக் குறைப்பது மிகப் பெரிய மிச்சமாகத் தோன்றும். எச்.ஓ. அளவில் வரைந்த ஒரு திட்டத்தை அப்படியே என் அளவுக்கு மாற்றினால், அதற்கு முன்னைய பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடே போதும். எனினும் உண்மையான தொலைவுகள் எந்த அளவிலும் வீட்டுக்குள் அடங்குவதில்லை. ஒரு கிலோமீட்டர் பாதை எச்.ஓ. அளவில் 11.5 மீட்டர், என் அளவில் 6.25 மீட்டர், இசட் அளவில் ஏறத்தாழ 4.5 மீட்டர். சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் வழமையான பயணிகள் பெட்டி 21.3 மீட்டர் நீளமுடையது. இத்தகைய 24 பெட்டிகளைக் கொண்ட விரைவுவண்டி, எஞ்சின் இல்லாமலே எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 6 மீட்டர் ஆகும். அது நிற்பதற்கான நடைமேடையை மட்டும் கட்டினாலே பெரும்பாலான வீடுகளின் கூடம் முடிந்துவிடும். ஆகையால் மாதிரியாளர்கள் ஆறு அல்லது எட்டுப் பெட்டிகளை ஒரு முழு வண்டிக்கு ஈடாகக் கொள்கின்றனர். நிலையங்களும் தொழிற்சாலைகளும் இவ்வாறே சுருக்கப்படுகின்றன. எதை விட்டுவிட்டாலும் இடம் அடையாளம் காணப்படும் என்று தேர்ந்து சுருக்குவதே இங்குள்ள திறமை.

அளவைக் குறைத்துக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய எஞ்சின்கள் எடை குறைந்தவை. தண்டவாளத்தில் படியும் தூசுக்கு அவை எளிதில் நின்றுவிடும். கண்பார்வை குறைந்தோருக்கும் நடுங்கும் விரல்களுக்கும் இசட் அளவுப் பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஏற்றுவதே கடினம். இளமையில் என் அளவைத் தேர்ந்தவர்கள் முதுமையில் பெரிய அளவுக்கு மாறுவது இந்தப் பொழுதுபோக்கில் அரிதன்று.

வளைவின் ஆரம்

நேர்ப்பாதையை ஓர் அடி அகலத் தட்டிலும் போடலாம். வண்டி திரும்பி வரவேண்டுமானால் அரைவட்டம் ஒன்று வேண்டும். அதன் விட்டமே தளத்தின் குறைந்தபட்ச அகலத்தை முடிவுசெய்கிறது. மார்க்லினின் எச்.ஓ. வரிசையில் வழக்கமான சிறிய வளைவின் ஆரம் 360 மி.மீ.; ஹார்ன்பியின் முதல் ஆரம் 371 மி.மீ. எனவே இவற்றைக் கொண்டு ஒரு வட்டம் போடுவதற்கே ஏறத்தாழ 80 செ.மீ. அகலப் பலகை தேவை. அமெரிக்கத் தொடக்கத் தொகுதிகளில் வழக்கமான 18 அங்குல ஆரத்துக்கு, அதாவது 457 மி.மீ.க்கு, ஒரு மீட்டர் அகலம் ஆகும். ஜப்பானின் கேட்டோ நிறுவனத்தின் என் அளவுப் பாதையில் 249 மி.மீ. ஆரம் உண்டு. இசட் அளவில் மார்க்லின் 145 மி.மீ. வரை இறங்குகிறது.

இந்த வளைவுகள் உண்மையோடு ஒப்பிடுகையில் மிகவும் இறுக்கமானவை. 457 மி.மீ. ஆரத்தை 87 ஆல் பெருக்கினால் 40 மீட்டர் வருகிறது. இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூரிய வளைவின் ஆரம் 175 மீட்டர், அதை எச்.ஓ. அளவில் அப்படியே செய்தால் 2 மீட்டர் ஆரம், 4 மீட்டர் விட்டம். ஆகவே வீட்டுத் தளங்கள் அனைத்தும், விலையுயர்ந்தவை உட்பட, வளைவில் உண்மையை விட்டுக்கொடுத்தவையே. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதற்கு மாதிரியாளர்களிடையே ஒரு கைக்கணக்கு வழங்குகிறது. ஓடவிருக்கும் மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் வண்டி தடம் புரளாமல், பார்வைக்கும் ஓரளவு நன்றாக ஓடும். மேற்கூறிய பெரம்பூர்ப் பெட்டி எச்.ஓ. அளவில் 245 மி.மீ. என்பதால், அதற்கு 735 மி.மீ. ஆரம் வேண்டும். சிறிய நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகளுக்கோ இதில் பாதிகூடத் தேவையில்லை. அறை சிறியதெனில் எந்த அளவு விகிதம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு நீளமான பெட்டிகள் என்று கேட்பதே பயனுடையது. கிளைப்பாதைகள், துறைமுகப் பாதைகள், மலையேறும் குறுகிய பாதைகள் ஆகியவை வீட்டுத் தளங்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். அங்கே குட்டையான வண்டிகளும் கூரிய வளைவுகளும் உண்மையிலும் உள்ளன.

கை எட்டும் தூரமும் நடைவழியும்

அமெரிக்காவில் பிளைவுட் பலகை நான்கு அடி அகலமும் எட்டு அடி நீளமும் கொண்டதாக விற்கப்படுகிறது. 18 அங்குல ஆர வட்டம் அதன் அகலத்துக்குள் அடங்கும் என்பதால், அந்த ஒற்றைப் பலகையே பல தலைமுறைகளாகத் தொடக்கநிலைத் தளத்தின் இலக்கணமாகிவிட்டது. இதைவிட இடத்தை வீணாக்கும் வடிவம் வேறு இல்லை என்று சொல்லலாம்.

நின்றுகொண்டு ஒருவர் வசதியாக எட்டித் தொடக்கூடிய தூரம் சுமார் 75 செ.மீ. மட்டுமே. தடம் புரண்ட வண்டியை எடுக்கவும், தண்டவாளத்தைத் துடைக்கவும், கம்பிகளைச் சரிபார்க்கவும் தளத்தின் ஒவ்வொரு மூலையும் அந்த எல்லைக்குள் இருக்கவேண்டும். 122 செ.மீ. அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்புறம் எட்டாது. எனவே இரு நீளப் பக்கங்களிலும் ஒரு குறுகிய பக்கத்திலும் தலா 60 செ.மீ. நடைவழி விடவேண்டும். இப்போது 3 சதுர மீட்டர்ப் பலகைக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் அறை முழுவதும், அதாவது 7 சதுர மீட்டருக்கு மேல், போய்விடுகிறது. அதில் ஓடும் நீள்வட்டப் பாதையின் நீளமோ சுமார் 5.6 மீட்டர்.

அதே அறையில் பலகையை நீக்கிவிட்டு, நான்கு சுவர்களையும் ஒட்டி 40 செ.மீ. அகலத்தில் தட்டு அமைத்தால் நிலைமை மாறுகிறது. மூலைகளில் 75 செ.மீ. ஆரம் கிடைக்கும். சுற்றுப்பாதை 8 மீட்டரைத் தாண்டும். நடுவில் ஏறத்தாழ 1.6 மீட்டருக்கு 2.2 மீட்டர் தரை காலியாக இருக்கும். வண்டி பார்ப்பவரைச் சுற்றி ஓடுவதால், அது தன் வாலைத் தானே துரத்துவது போன்ற தோற்றமும் மறைகிறது. வாசலைக் கடக்கும் இடத்தில் மட்டும் தூக்கியெடுக்கும் பாலமோ, கீல் வைத்த பாலமோ தேவை. பாலத்துக்கு மாற்றாகக் குனிந்து நுழையும் வழி விடுவோரும் உண்டு. நாற்பது வயதில் எளிதாக இருக்கும் அவ்வழி எழுபது வயதில் தளத்தையே மூடிவிடக் கூடும்.

இடத்தை மனிதரிலிருந்து தொடங்கிக் கணக்கிடும் இம்முறையை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் ஆம்ஸ்ட்ராங் (1920–2004). 1963 இல் முதலில் வெளிவந்த அவரது பாதைத் திட்ட நூல் இன்றும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. அறையின் வரைபடத்தின்மேல், தேர்ந்துகொண்ட வளைவின் ஆரத்தை ஒட்டிய அளவில் கட்டங்களை வரைந்து, எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று பார்ப்பது அவரது முறை. அதில் மாற்றமுடியாதவை ஒரு பட்டியலாகவும், கிடைத்தால் நல்லது என்பவை மற்றொரு பட்டியலாகவும் எழுதப்படும். கதவு, சன்னல், தூண், நீர்க்கொதிகலன், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை முதற்பட்டியலில் வரும். தாம் மட்டும் வாழாத வீட்டில் குடும்பத்தினரின் தேவைகளும் அப்பட்டியலிலேயே இடம்பெற வேண்டியவை.

வீட்டின் எப்பகுதி

கிடைக்கும் இடம் நாட்டின் கட்டடமுறையைப் பொறுத்தது. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் நிலம் உறைவதால், வீட்டின் அடித்தளம் உறையும் ஆழத்துக்குக் கீழே இறக்கப்படுகிறது. அவ்வளவு தோண்டியபின் அதை நிலவறையாக்குவது எளிது. அந்நாடுகளின் பெரும் தளங்கள் பலவும் நிலவறைகளில் பிறந்தமைக்கு இதுவே காரணம். ஈரம், சில இடங்களில் வெள்ளம், தாழ்ந்த கூரை, நடுவில் நிற்கும் தூண்கள் ஆகியவை அதன் குறைகள். ஈரம் நீக்கும் கருவி அங்கே பெரும்பாலும் தளத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்படுகிறது. நிலவறை அரிதான கலிபோர்னியா, டெக்சாசு போன்ற மாநிலங்களில் மகிழுந்துக் கொட்டகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. மகிழுந்து வெயிலில் நிற்கும்.

பிரித்தானியாவில் இந்த வேலைக்கு உரியது பரண், அதாவது சாய்கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம். வேறு எவருக்கும் பயன்படாத இடம் என்பது அதன் பெரும் வசதி. ஆனால் அதன் கீழ்விட்டங்கள் பல வீடுகளில் கீழறையின் உட்கூரையைத் தாங்குவதற்கு மட்டும் போடப்பட்டவை; ஆட்கள் நடமாடும் தளத்தின் எடையைத் தாங்க அவை கணக்கிடப்பட்டவை அல்ல. முன்கூட்டியே செய்த மரச் சட்டகங்களால் ஆன கூரைகளில், வழியை மறிக்கும் சட்டம் ஒன்றை அறுத்தெடுப்பது கூரையையே ஆபத்துக்குள்ளாக்கும். பரணை அறையாக மாற்றுவதற்குக் கட்டட விதிகளின்படி அனுமதி தேவைப்படுகிறது. கோடையில் கடும் வெப்பம், குளிர்காலத்தில் கடுங்குளிர் என்பது மற்றொரு சிக்கல். பத்து மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 20 பாகை செல்சியசு வேறுபாட்டில் சுமார் 3 மி.மீ. நீள்கிறது. இடையிடையே சிறு வெளி விடாவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். ஈரப்பதத்தால் மரம் விரிந்து சுருங்குவதோ இதைவிடத் தொல்லை தருவது.

வீட்டுக்குள் இடமே இல்லாதோர் தோட்டத்துக்குச் செல்கின்றனர். 1968 இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் மழையையும் வெயிலையும் தாங்கும் 45 மி.மீ. அகல வண்டிகளை வெளியிட்டபின் தோட்டத் தொடர்வண்டி தனிக் கிளையாகவே வளர்ந்தது.

ஜப்பானிய வீடுகளில்

ஜப்பானில் மேற்கூறிய நிலவறையும் பரணும் பெரும்பாலும் இல்லை. நாலரைப் பாய் அறை எனப்படும் வழமையான சிற்றறையின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர்தான். முன்பு கணக்கிட்ட நான்குக்கு எட்டு அடிப் பலகை ஒன்றே அதை நிரப்பிவிடும். அதே அறையில் இரவில் படுக்கை விரிக்கவேண்டும். 1965 இல் கேட்டோ நிறுவனம் என் அளவு எஞ்சினை வெளியிட்டதும், அந்நாட்டில் அவ்வளவே முதன்மை பெற்றது இயல்பானதே.

அங்கே உருவான தீர்வுகள் இரண்டு. ஒன்று, சரளைக்கல் படுகையோடு சேர்த்து வார்க்கப்பட்ட, கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் பாதைத் துண்டுகளைப் பாய்மேல் விரித்து, சில மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் எடுத்துவைப்பது. இதற்கு 'கூடத்து ஓட்டம்' என்று பொருள்படும் பெயர் ஜப்பானிய மொழியில் உண்டு. நூறாண்டுக்கு முந்திய தரை ஆட்டமே இங்கு வேறு வடிவில் திரும்பிவந்திருக்கிறது. மற்றொன்று வாடகைத் தளம். கடையொன்றில் பெரிய தளம் கட்டி வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் தம் வண்டிகளைப் பையில் எடுத்துவந்து, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஓட்டுவார். முழு நீள விரைவுவண்டியை வீட்டில் ஓட்ட இயலாதவருக்கு இது ஒன்றே வழி.

சுவரும் உயரமும்

தரைப்பரப்பு போதாதபோது உயரம் உதவுகிறது. நின்றவரின் மார்பளவில், ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில் தட்டைப் பொருத்தினால், அதன் கீழ் மேசையும் அலமாரியும் கட்டிலும்கூட இருக்கலாம். பார்வை பாதையின் மட்டத்துக்கு அருகே வருவதால் தளமும் அகலமாகத் தோன்றும். குறைந்த அகலத்தின் குறையை உயரம் ஈடுசெய்கிறது. ஆயினும் உயர்ந்த தளத்தில் கை எட்டும் தூரம் மேலும் குறையும். சிறுவர்களுக்கு அது காட்சியையே மறைத்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நல்ல படிப்பலகையும் தளத்தின் செலவில் சேர்ந்ததே.

இரண்டு அடுக்குகளாகத் தளம் கட்டினால் பாதையின் நீளம் இரட்டிக்கும் என்பது கணக்கு. மேலடுக்குக்கு வண்டி ஏறுவதற்குச் சுழல் ஏற்றம் எனப்படும் திருகுச் சுற்றுப் பாதை தேவை. எச்.ஓ. அளவில் மேலே ஓடும் பாதையின் அடிப்பலகையையும் சேர்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 10 செ.மீ. உயரவேண்டும். 60 செ.மீ. ஆரமுள்ள சுற்றின் நீளம் 3.77 மீட்டர்; ஆகவே சாய்வு 2.65 விழுக்காடு. அடுக்குகளுக்கு இடையே 40 செ.மீ. எனில் நான்கு சுற்றுகள், 15 மீட்டர்ப் பாதை. இத்தனையும் ஏறத்தாழ 1.35 மீட்டர்ச் சதுரத்துக்குள், எவர் கண்ணிலும் படாமல் ஓடும். சிறிய அறையில் சுழல் ஏற்றம் தான் சேர்க்கும் இடத்தைவிட அதிகமாக விழுங்கிவிடும் என்பதால், இது பெரிய அறைகளுக்கே ஏற்றது.

சிறிய இடத்தில் நீண்ட ஆட்டம்

வண்டி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் இடத்தேவை சட்டென்று குறைகிறது. பிரித்தானிய மாதிரியாளர்கள் இதில் முன்னோடிகள். ஒரு முனையில் காட்சிக்குரிய நிலையம், மறுமுனையில் திரைக்குப் பின்னே வண்டிகளைக் கையால் மாற்றியமைக்கும் மறைவுத் தடங்கள், இரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய பாதை என்ற அமைப்பு அங்கே பரவியது. பார்ப்பவருக்கு அந்த மறைவிடம் நாட்டின் மற்ற எல்லா ஊர்களுக்கும் ஈடாகும். 'ரயில்வே மாடலர்' இதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த சிரில் ஃபிரீசர் 1957 இல் வெளியிட்ட 'மினரீசு' என்னும் நகர முனையத் திட்டம், ஒரு தட்டின் அகலத்தில் பரபரப்பான நிலையம் ஒன்றை அடக்கிக் காட்டியது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டப்பட்டு வருகின்றன.

இன்னும் சிறியது ஆலன் ரைட் அமைத்த 'இங்கிள்நூக்' என்னும் பெட்டி மாற்றுப் புதிர். இதில் மூன்று பக்கத்தடங்கள் உள்ளன. ஒன்றில் ஐந்து பெட்டிகளும் மற்ற இரண்டில் தலா மூன்று பெட்டிகளும் நிற்கலாம். மொத்தம் எட்டுச் சரக்குப் பெட்டிகள். குலுக்கலில் வரும் ஐந்து பெட்டிகளை, வந்த வரிசையிலேயே, ஓர் எஞ்சினைக் கொண்டு கோத்து நிறுத்தவேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாகத் தேர்வதற்கு 8×7×6×5×4, அதாவது 6,720 வழிகள் உள்ளன. நாளுக்கு ஒரு புதிர் என்றாலும் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். ஓ.ஓ. அளவில் இது முழுவதும் ஒன்றரை மீட்டர் நீளமும் ஓர் அடி அகலமும் கொண்ட பலகையில், புத்தக அலமாரியின் தலைமேல் அடங்கிவிடும். அமெரிக்கரான ஜான் ஆலன் வடிவமைத்த 'டைம்சேவர்' இதே வகையைச் சேர்ந்தது. நான்கு சதுர அடிக்கு உட்பட்ட நுண்தளங்களை, மறைந்த கார்ல் ஏரென்ட் தொடர்ந்து தொகுத்தும் வரைந்தும் பரப்பினார். இடமில்லை என்று சொல்வோருக்கு அவரது தொகுப்பு நேரடியான மறுமொழியாக அமைந்தது.

மறைத்து வைக்கும் தளங்கள்

பகலில் வேறு வேலைக்குப் பயன்படும் அறையில், தளத்தை மறைத்துவைக்கும் வழிகள் பல. சக்கரம் பொருத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது, கீல் வைத்துச் சுவரோடு நிமிர்த்துவது, கயிறும் கப்பியும் கொண்டு உட்கூரைக்கு உயர்த்துவது ஆகியவை வழமையானவை. கட்டிலுக்கு அடியில் செல்லும் தளத்தில் மலைகளின் உயரம் கட்டிலின் உயரத்தால் முடிவாகும். நிமிர்த்தும் தளத்தில் வண்டிகளை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடவேண்டும். ஒட்டாத எதுவும் கீழே விழும்.

என் அளவில் விரும்பப்படும் அடித்தளம், உள்ளீடற்ற மரக்கதவு. அமெரிக்காவில் 80 அங்குல நீளமும் 30 அல்லது 36 அங்குல அகலமும் கொண்ட இக்கதவுகள் மலிவானவை, எடை குறைந்தவை, எளிதில் வளையாதவை. அறையின் வாசல் வழியாக நுழையும் என்பதில் ஐயமும் இல்லை. இசட் அளவில் கைப்பெட்டிக்குள் முழுத் தளம் கட்டுவோர் உளர். கண்ணாடி மூடியிட்ட தேநீர் மேசைக்குள் கட்டினால் தூசும் அண்டாது. விருந்தினர் அதன்மேல் கோப்பையை வைக்கலாம்.

வீடு மாறும்போது

நிலையான தளத்தின் பெரும் பலவீனம் அது வீட்டோடு பிறந்து வீட்டோடு முடிவது. வாடகைக்குக் குடியிருப்போர், பணிமாற்றத்துக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கவேண்டிய செய்தி. கட்டியபின் வாசல் வழியே வெளியே வராத தளத்தை அறுப்பதைத் தவிர வழியில்லை. கலிபோர்னியாவின் மான்டரே நகரில் தம் வீட்டின் நிலவறையில் ஜான் ஆலன் கட்டிய 'கோர் அண்டு டெபீட்டட்' தளம், இக்கலையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவர் 1973 சனவரியில் இறந்த சில நாட்களில் ஏற்பட்ட தீயில் அதன் பெரும்பகுதி அழிந்தது. இன்று ஒளிப்படங்களில் மட்டுமே அதைக் காணமுடியும். அதே ஆலன் தமது முதல் சிறு தளத்தைப் பலகையோடு எடுத்துவந்து, கடைசிப் பெருந்தளத்தின் ஒரு பகுதியாகப் பொருத்தியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் தம் லாசு ஏஞ்சலசு வீட்டின் மேல்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டிய நகரத் தளம் 2019 இல் 'ரயில்வே மாடலர்' இதழில் வெளியாயிற்று. கச்சேரிப் பயணங்களின்போது விடுதியில் கூடுதல் அறை ஒன்றை எடுத்து, கட்டில்களை அகற்றச்சொல்லி, கட்டடங்களை அங்கே செய்து முடித்ததாக அவர் கூறியுள்ளார். அவருக்கு இருந்த இடவசதி பிறர்க்கு வாய்ப்பதன்று. எனினும் கட்டடங்களை வேறிடத்தில் செய்து பின்னர் தளத்தில் பொருத்தும் வழக்கம் எவருக்கும் ஏற்றதே; பொறுமையான வேலையின் பெரும்பகுதிக்கு ஒரு சாப்பாட்டு மேசையின் மூலை போதும்.

தளத்தைத் துண்டுகளாகக் கட்டுவது இச்சிக்கலுக்குப் பொதுவான தீர்வு. ஒருவர் தூக்கக்கூடிய 120×60 செ.மீ. அளவில், தனிச் சட்டங்களாகச் செய்து, மரையாணியால் இணைத்து, கம்பிகளைச் செருகிகளால் சேர்ப்பர். இணைப்பு முறையைப் பொதுவாக வரையறுத்துவிட்டால், பலரது துண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தும். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் என் அளவுக்காக உருவான 'என்டிராக்' முறை இவ்வாறானது. இரண்டடிக்கு நான்கடித் துண்டுகளின் முன்புறம் மூன்று பாதைகள் ஒரே இடைவெளியில் செல்லும். ஐரோப்பாவில் 1981 இல் தோன்றிய 'ஃபிரேமோ' அமைப்பில், உறுப்பினர்கள் தத்தம் துண்டுகளை விளையாட்டரங்கு போன்ற பெருங்கூடத்துக்குக் கொண்டுவந்து, வார இறுதி முழுவதும் கால அட்டவணைப்படி வண்டிகளை இயக்குகின்றனர். வீட்டில் ஒரு நிலையம் மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே நூறு மீட்டருக்கு மேற்பட்ட பாதை கிடைத்துவிடுகிறது.

இவ்வகையில் மிகச் சிறியது 2000 ஆம் ஆண்டளவில் ஜப்பானில் தொடங்கிய 'டி-டிராக்'. இதில் சட்டமும் கால்களும் இல்லை. சிறு பெட்டி போன்ற துண்டுகளை எந்த மேசையின் மேலும் அடுக்கி, கேட்டோ பாதையின் பூட்டுகளாலேயே இணைக்கலாம். ஒற்றைத் துண்டின் நீளம் 308 மி.மீ.; எடுத்து வைக்கப் புத்தக அலமாரியின் ஒரு தட்டுப் போதுமானது.